கணக்கு தெரிஞ்ச சூதாடி

தேர்ட் இயர்ல எங்க ஹாஸ்டல் ரூம் சுவத்துல ரெண்டு சார்ட் ஒட்டியிருந்தது. ஒண்ணு எக்ஸாம் டைம்டேபிள். இன்னொண்ணு 13 வரிசை, 13 பத்தி, மொத்தம் 169 கட்டம் கொண்ட கலர் சார்ட். ஆன்லைன் போக்கர் ஆடினவங்களுக்கு அது என்னன்னு பார்த்ததுமே தெரியும். மேசையில பொதுச் சீட்டு விழுறதுக்கு முன்னாடி, கையில இருக்கிற ரெண்டே ரெண்டு சீட்டை வச்சு பந்தயத்தை ஏத்தணுமா, கூடப் போகணுமா, சீட்டைத் தூக்கிப் போடணுமான்னு முடிவு பண்றதுக்கான ப்ரீஃப்ளாப் சார்ட்.

அந்த 169 கட்டமும் எனக்கு மனப்பாடம். அதே வருஷம், எக்ஸாம் ஃபீஸுக்காக வீட்டிலிருந்து வந்த பணம் மூணே ராத்திரியில டோர்னமெண்ட் டோர்னமெண்டா கரைஞ்சு போச்சு. ரூம்மேட் கடன் கொடுத்ததாலதான் எக்ஸாம் எழுதினேன். இதுல என்னை ரொம்ப நாள் குடைஞ்ச விஷயம், நான் கணக்கைத் தப்பாப் போடலைங்கிறதுதான். அப்புறம் தோத்தது எப்படி?

அந்தக் கேள்வியோட சுத்திட்டு இருந்தப்போதான் லைப்ரரியில ஒருத்தரோட கதை கையில கிடைச்சது. மெக்கானிக்கல் பசங்க தினம் சொல்ற கார்டன் ஷாஃப்ட்ல இருக்கிற அதே பேரு. ஜெரோலமோ கார்டானோ.

பிறப்பே ஒரு பந்தயம்

1501 செப்டம்பர் 24. இத்தாலியில பாவியா நகரம். அப்பா ஃபாஸியோ மிலான்ல வக்கீல். கணக்குல பெரிய ஆள். லியோனார்டோ டா வின்சியே ஜியாமெட்ரி சந்தேகம்னா அவர்கிட்ட கேட்பாராம். அம்மா கியாரா. ரெண்டு பேருக்கும் அப்போ கல்யாணம் ஆகியிருக்கலை. கருவைக் கலைக்க அம்மா மருந்து சாப்பிட்டும் தப்பிச்சுப் பொறந்த பிள்ளைன்னு தன் சுயசரிதையில கார்டானோ அவரே எழுதி வச்சிருக்கார். அதே சமயத்துல மிலான்ல பரவின பிளேக், அம்மாவோட மூத்த பிள்ளைங்களைக் கொண்டு போயிடுச்சு. இவர் பிழைச்சார்.

அப்பா சட்டம் படிக்கச் சொன்னார். பையன் மெடிசின் எடுத்தான். (இந்தக் கதை நம்ம எல்லார் வீட்டிலேயும் உண்டு, என்ன, கோர்ஸ் பேருதான் மாறும்.) பாவியாவுல ஆரம்பிச்சு பதுவா யூனிவர்சிட்டிக்கு மாறினார். 1524ல அப்பா இறந்துட்டார். விட்டுட்டுப் போன கொஞ்சம் சொத்தும் சீக்கிரமே தீர்ந்தது. செலவுக்கு அவர் கண்டுபிடிச்ச வழிதான் சூதாட்டம். பகடை, சீட்டு, செஸ் எதையும் விடலை. எதிர்ல உட்கார்ந்தவங்க அதிர்ஷ்டத்தை நம்பினப்போ, இவர் மனசுக்குள்ள எண்ணிக்கிட்டு இருந்தார். அதனால அடிக்கடி ஜெயிச்சார். படிப்பு முடிஞ்சதே அந்தப் பணத்துலதான்னு சொல்லலாம். நடுவுல மாணவர் தலைவர் தேர்தல்ல நின்னு ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சார்.

வெனிஸ்ல நடந்த ஒரு சம்பவத்தை அவரே எழுதியிருக்கார். ஒரு பெரிய மனுஷன் வீட்டுல சீட்டாடி, பணத்தோட துணிமணியும் தோத்துட்டார். அப்புறம்தான் சீட்டுல ரகசிய அடையாளம் போட்டிருக்கிறதைக் கவனிச்சார். கத்தியை எடுத்து அந்த ஆள் முகத்துல ஒரு கோடு இழுத்துட்டு, தோத்த பணத்தை அள்ளிக்கிட்டு ஓடினார். அன்னைக்கு ராத்திரி இருட்டுல கால் தவறி கால்வாய்ல விழுந்தார். ஒரு படகுக்காரங்க தூக்கிக் காப்பாத்தினாங்க. படகுக்குள்ள பார்த்தா, முகத்துல கட்டோட உட்கார்ந்திருந்தது அதே ஆள்! நல்லவேளை, அந்த மனுஷன் சண்டைக்கு வரலை, மாத்திக்க உடுப்புதான் கொடுத்தார்.

நகை, நாற்காலி, தர்ம விடுதி

டாக்டர் பட்டம் வாங்கியாச்சு. ஆனா மிலான் மருத்துவர் சங்கம் சேர்த்துக்கலை. முறையான கல்யாணத்துல பொறக்காதவங்களுக்கு இடமில்லைன்னு காரணம் சொன்னாங்க. பதுவா பக்கத்துல ஒரு சின்ன ஊர்ல வைத்தியம் பார்த்தார். 1531ல லூசியாவைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். அடுத்து மிலான் பக்கத்துல கல்லராத்தேங்கிற ஊருக்குக் குடி மாறினார். அங்கேயும் நோயாளிங்க வரலை. திரும்பவும் சூதாட்டம்.

இந்த முறை கணக்கு கை கொடுக்கலை. பொண்டாட்டி நகை அடகுக்குப் போச்சு. அப்புறம் வீட்டுச் சாமான். கடைசியில குடும்பத்தோட மிலானுக்கு வந்து, ஏழைங்க தங்குற தர்ம விடுதியில சேர வேண்டிய நிலைமை. 1534ல மூத்த பையன் ஜியாம்பத்திஸ்தா பொறந்தான். அப்போ அவருக்கு 33 வயசுகூட முழுசா ஆகலை. அந்த ஊர்லேயே பகடைக் கணக்கு அவரை விட நல்லாத் தெரிஞ்ச ஆள் யாரும் இருந்திருக்க வாய்ப்பில்லை. நான் இந்தப் பக்கத்தை மட்டும் ரெண்டு தடவை படிச்சேன்.

எழுந்த கதை

அப்பா முன்னாடி பாடம் நடத்தின இடத்துலேயே கணக்கு வாத்தியார் வேலை கிடைச்சது. மீதி நேரத்துல வைத்தியம். குணமானவங்க நாலு பேர்கிட்ட சொல்ல, பேரு பரவுச்சு. அன்னைய டாக்டர்ங்க பண்ற தப்பையெல்லாம் பட்டியல் போட்டு 1536ல புத்தகமே எழுதினார். சங்கத்துக்குச் சும்மாவே இவரைப் பிடிக்காது, இதுக்கப்புறம் கேட்கணுமா? ஆனாலும் 1539ல வேற வழியில்லாம சேர்த்துக்கிட்டாங்க.

அதே 1539லதான் கணக்கு உலகத்தோட பெரிய சண்டை ஆரம்பிச்சது. முப்படிச் சமன்பாட்டை, அதாவது க்யூபிக் ஈக்குவேஷனைத் தீர்க்கிற வழி தார்தாலியாகிட்ட இருந்தது. வெளியே சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக்கொடுத்து கார்டானோ அதை வாங்கினார். 1543ல சிஷ்யன் ஃபெராரியோட போலோன்யாவுக்குப் போனப்போ, டெல் ஃபெர்ரோங்கிறவர் அதே வழியை முன்னாடியே கண்டுபிடிச்சு எழுதி வச்சிருந்தது தெரிஞ்சது. இனிமேல் சத்தியம் தன்னைக் கட்டுப்படுத்தாதுன்னு முடிவு பண்ணி, 1545ல ஆர்ஸ் மாக்னாங்கிற புத்தகத்துல வெளியிட்டார். ரெண்டு பேர் பேரையும் அதுல சொல்லியிருந்தார். தார்தாலியா சாகிற வரைக்கும் மன்னிக்கலை. நாலாம்படிச் சமன்பாட்டுக்கு ஃபெராரி கண்டுபிடிச்ச தீர்வும் அதே புத்தகத்துல வந்தது.

10ஐ ரெண்டாப் பிரி, பெருக்கினா 40 வரணும்னு ஒரு கணக்கு அதுல இருக்கு. சாதாரண எண்ல விடை கிடையாது. கார்டானோ விடலை. 5 கூட்டல் மைனஸ் 15ன் வர்க்கமூலம், 5 கழித்தல் மைனஸ் 15ன் வர்க்கமூலம்னு எழுதி, பெருக்கி 40 வர்றதைக் காட்டினார். இது எதுக்கு உதவும்னு அவருக்கே புரியலை. நாம ஏசி சர்க்யூட்ல தினம் எழுதுற ஜே-யோட முதல் காலடி அது.

1552ல ஸ்காட்லாந்து வரைக்கும் போய் ஆர்ச்பிஷப் ஹாமில்டனோட ஆஸ்துமாவைப் பார்த்தார். இறகு மெத்தை, இறகுத் தலையணையை எல்லாம் எடுக்கச் சொன்னது முக்கியமான வைத்தியம். அலர்ஜிங்கிற வார்த்தையே இல்லாத காலம் அது! ஆர்ச்பிஷப் தேறினார், கை நிறைய பணம் கிடைச்சது. திரும்பி வர்ற வழியில இங்கிலாந்து ராஜா ஆறாம் எட்வர்டுக்கு ஜாதகம் கணிச்சு, நீண்ட ஆயுள்னு சொல்லிட்டு வந்தார். அடுத்த வருஷமே ராஜா 15 வயசுல இறந்துட்டார். பகடையில அவ்வளவு தெளிவா இருந்த மனுஷன், ஜாதகத்தைக் கடைசி வரைக்கும் நம்பினார்.

அந்தச் சின்னப் புத்தகம்

வாழ்நாள் முழுக்க அவர் பக்கத்துலேயே இருந்த ஒரு கையெழுத்துப் பிரதிதான் நம்ம விஷயத்துக்கு முக்கியம். லத்தீன்ல பேரு லிபெர் தெ லூதோ அலேயே. பகடை ஆட்டங்களைப் பத்தின புத்தகம்னு அர்த்தம். பல காலம் வச்சுத் திருத்தி எழுதினதா ஆய்வாளர்கள் சொல்றாங்க. அவர் உயிரோட இருந்தப்போ அச்சுக்கு வரவே இல்லை.

அதுல சர்க்யூட்னு ஒரு கருத்து வருது. நடக்கக்கூடிய எல்லா வாய்ப்பும் சேர்ந்த முழு வட்டம். ரெண்டு பகடைக்கு 36, மூணு பகடைக்கு 216. அந்த வட்டத்துல நமக்குச் சாதகமானது எத்தனை, பாதகமானது எத்தனைன்னு எண்ணு, அதே விகிதத்துல ரெண்டு பக்கமும் பணம் வை, அப்போதான் ஆட்டம் நியாயமானதுன்னு சொல்றார். நம்ம நாலாவது செமஸ்டர் ப்ராபபிலிட்டி பேப்பர்ல சாம்பிள் ஸ்பேஸ்னு முதல் யூனிட்ல வர்றது இதேதான். பாஸ்கலும் ஃபெர்மாவும் இதைப் பத்திக் கடிதம் எழுதிக்கிட்டது 1654ல. கார்டானோ போய்ச் சேர்ந்து 78 வருஷம் கழிச்சு!

அவர் ஆடின ஒரு ஆட்டம் ப்ரிமேரோ. 8, 9, 10 எடுத்துட்டு மீதி 40 சீட்டு. கைக்கு நாலு. எதிராளி கையில என்னன்னு தெரியாமலே பந்தயம் கட்டணும். போக்கரோட தூரத்துத் தாத்தான்னு இதைச் சொல்லலாம். அவர் முறையில நானே எண்ணிப் பார்த்தேன். 40 சீட்டுல 4 எடுக்க 91,390 வழி. நாலும் நாலு ஜாதியா வர்றது 10,000 வழி, அதாவது ஒன்பது கைக்கு ஒண்ணு. நாலும் ஒரே ஜாதின்னா 840 வழி, ஏறக்குறைய 109 கைக்கு ஒண்ணு. நாலும் ஒரே எண்ணுன்னா வெறும் 10 வழி. ஆட்டத்துல இந்த மூணுக்கும் இதே வரிசையிலதான் மதிப்பு. ஃபார்முலா பொறக்கிறதுக்கு முன்னாடியே ஆடினவங்க கைக்கு அது தெரிஞ்சிருக்கு.

இதைச் சுவத்துல இருந்த என் சார்ட்டுக்குக் கொண்டு வாங்க. 52 சீட்டுல 2 எடுக்க 1,326 வழி. ரெண்டு ஏஸ் வர்றது அதுல 6 வழி, 221 கைக்கு ஒண்ணு. இப்போ ஒரு டோர்னமெண்ட் கை. பிளைண்ட் 500, 1000. பிக் பிளைண்ட்ல நான். 1000 ஆன்ட்டியும் நானே போட்டாச்சு. எல்லாரும் சீட்டைப் போட்டுட்டாங்க. ஸ்மால் பிளைண்ட்ல இருக்கிறவன் தன்கிட்ட இருக்கிற மொத்தம் 10,000 சிப்பையும் தள்ளிட்டான். நடுவுல இருக்கிறது 12,000. நான் கூடப் போக இன்னும் 9,000 போடணும். 9க்கு 12, அதாவது 3க்கு 4. கார்டானோ கணக்குல, ஏழு தடவையில மூணு தடவை ஜெயிக்க முடிஞ்சா கை சரி. கையில கிங், குவீன். அவன்கிட்ட எட்டு ஜோடின்னா எனக்குப் பாதிக்குக் கொஞ்சம் கீழ, போகலாம். ஏஸ், கிங்னா நாலுல ஒண்ணுதான், போகக்கூடாது. அவன் எந்த எந்தக் கையோட இப்படித் தள்ளுவான்னு யோசிச்சு, எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்கணும். ப்ரீஃப்ளாப் சார்ட்டோட ஒவ்வொரு கட்டத்துக்கும் பின்னாடி இருக்கிறது இந்த வேலைதான்.

கார்டானோவும் தப்புப் பண்ணியிருக்கார். ஒரு பகடையை மூணு தடவை உருட்டினா ஆறு ஒரு தடவையாவது விழ பாதிக்குப் பாதி வாய்ப்புன்னு ஒரு இடத்துல நினைச்சார். உண்மையில 216ல 91தான், 42 சதவீதம். நாலாவது தடவையிலதான் பாதியைத் தாண்டும். அதே புத்தகத்துல வேற இடத்துல அந்த 91ங்கிற சரியான எண்ணும் இருக்கு. பழைய தப்பை அடிக்காம விட்டுட்டு மேல மேல எழுதிக்கிட்டே போயிருக்கார், நம்ம ரஃப் நோட் மாதிரி.

ஆனா புத்தகம் கணக்கோட நிக்கலை. சோப்பு தடவின சீட்டு, கண்ணாடி பதிச்ச மோதிரம்னு ஏமாத்துற வேலையெல்லாம் சொல்றார். அதைவிட முக்கியமா ஆட்டத்துக்கு அடிப்படை விதின்னு அவர் வைக்கிறது சமநிலை. எதிராளி, பணம், இடம், பகடை எல்லாத்துலயும் ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும். அந்தச் சமநிலை உனக்குச் சாதகமா சாய்ஞ்சா நீ அநியாயக்காரன், எதிராளிக்குச் சாதகமா சாய்ஞ்சா நீ முட்டாள்ங்கிறது அவர் கருத்து.

நான் சறுக்கினது இங்கேதான்னு அப்போதான் புரிஞ்சது. 100 ரூபாய் ஆட்டத்துக்கு 110 கட்டினா, அந்த 10 ரூபாய் முதல் சீட்டு விழுறதுக்கு முன்னாடியே போயாச்சு. ஜெயிக்கிறவன் பையிலேயும் அது வராது. அப்புறம் டோர்னமெண்ட்ல சிப் ரெண்டு மடங்கானா பரிசு ரெண்டு மடங்காகாது, சிப் எல்லாம் போனா ஆட்டமே முடிஞ்சது. அதனால 3க்கு 4ங்கிற கணக்கு சரியா வந்தாலும் சில கையை விடணும். இதெல்லாம் சார்ட்ல ஓரளவுக்கு ஏத்திடலாம். ஆனா ஆடுற பணம் எக்ஸாம் ஃபீஸா, வீணாப் போனாலும் பரவாயில்லாத காசாங்கிறதுக்கு அந்த 169 கட்டத்துல ஒரு கட்டம்கூட இல்லை. சரியான முடிவு பலன் தர ஆயிரக்கணக்கான கை ஆகும். என்கிட்ட இருந்தது மூணு ராத்திரி.

கார்டானோவுக்கு இதுவும் தெரிஞ்சிருந்தது. எப்போவாவது, கொஞ்ச நேரம், சின்னத் தொகைக்கு ஆடணும்னு எழுதினார். சூதாட்டத்துல பெரிய லாபம் ஆடாம இருக்கிறதுதான்னும் எழுதினார். எழுதினவர் பகடை ஆடினது சுமார் 25 வருஷம், செஸ் 40 வருஷத்துக்கும் மேல. அதுவும் தினமும் ஆடினதா வெட்கத்தோட ஒத்துக்கிறார். பேரு, நேரம், பணம் மூணும் போச்சுன்னு அவரே சொல்றார்.

கடைசி வருஷங்கள்

1546ல லூசியா இறந்தாங்க. மூத்தவன் ஜியாம்பத்திஸ்தா டாக்டராகி அப்பாவுக்குப் பெருமை சேர்த்தான். ஆனா 1557ல அப்பாவுக்குத் தெரியாம கல்யாணம் பண்ணிக்கிட்டான். வீட்டுல ஓயாத சண்டை. பிள்ளைங்க அவனோடது இல்லைன்னு அவளே சொல்லிக் காட்ட, அவன் விஷம் வச்சுக் கொன்னுட்டான். கார்டானோ நல்ல வக்கீலுங்களைப் பிடிச்சு ஓடினார். பெண் வீட்டாரோட சமாதானமானா உயிர் தப்பலாம்னு வழி ஒண்ணு இருந்தது. அவங்க கேட்ட தொகையை இவரால புரட்ட முடியலை. 1560 ஏப்ரல்ல மகன் தலை வெட்டப்பட்டது. அதுக்கப்புறம் அவர் பழைய மனுஷனா திரும்பவே இல்லை.

1562ல போலோன்யாவுக்கு மருத்துவப் பேராசிரியரா போனார். இளையவன் ஆல்டோ சூதாடி ஆயிட்டான். தன் துணிமணி வரைக்கும் தோத்து, அப்பாவோட பணத்தையும் தோத்து, கடைசியில அப்பா வீட்டையே உடைச்சுப் பணமும் நகையும் திருடினான். கார்டானோ தானே அதிகாரிங்ககிட்ட புகார் கொடுத்தார். பையனை ஊரை விட்டுத் துரத்தினாங்க. ஒரு காலத்துல பொண்டாட்டி நகையை அடகுக் கடைக்குக் கொண்டு போனவர், அன்னைக்கு என்ன நினைச்சிருப்பார்?

1570ல மதத்துக்கு விரோதமா எழுதினார்னு இன்க்விசிஷன் பிடிச்சது. சில மாசம் ஜெயில். வெளியே வந்தப்போ பாடம் நடத்தவும் புத்தகம் போடவும் தடை. ரோமுக்குப் போனார். ஆச்சரியமா, போப்பே அவருக்குப் பென்ஷன் கொடுத்தார். அங்கே உட்கார்ந்து சுயசரிதை எழுதினார். தன் தோற்றம், நோய், சாப்பாடு, தோல்வி, சூதாட்டம் எதையும் மறைக்கலை. 1576 செப்டம்பர் 21ல, 75 வயசு ஆக மூணு நாள் இருக்கும்போது இறந்தார்.

1663ல பிரான்ஸ்ல லியோன் நகரத்துல அவரோட மொத்த எழுத்தும் பத்துத் தொகுதியா வந்தப்போதான் பகடைப் புத்தகத்தை உலகம் படிச்சது. அதுக்குள்ள ப்ராபபிலிட்டியை ஆரம்பிச்சவங்கன்னு பேர் வேற ரெண்டு பேருக்குப் போயிருந்தது.

என் ரூம்மேட் கடனை இந்த ஜனவரியிலதான் முழுசா அடைச்சேன். சார்ட்டைக் கிழிச்சுப் போடலை. கணக்கு நல்ல கணக்கு. பின்பக்கம் வெள்ளையா இருந்தது, ப்ராஜெக்ட் ரிவ்யூ தேதியெல்லாம் அதுல எழுதி டைம்டேபிள் பக்கத்துலேயே ஒட்டியிருக்கேன்.